கை காட்டாமல் முந்தும் மருமகள்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே என் காதுகளைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். நீ உடனே புறப்பட்டு வந்து, என் மருமகள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவதை நிறுத்தியாக வேண்டும். பெண் பார்த்தது நீதானே? "நல்ல பொண்ணுடா, மோட்டார் சைக்கிள் ஷோரூம்ல வேலை, விக்கிற வண்டிய அவளே ஓட்டிப் பாத்துத்தான் குடுப்பா" என்றாய். ஓட்டிப் பார்ப்பாள் என்றாயே தவிர, எந்த வேகத்தில் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

இது உலகப் பந்தயம் அக்கா. ஊர் ஊராக இல்லை, நாடு நாடாகப் போக வேண்டும். சனிக்கிழமை ஒரு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டி கூடாது. கடையில் நீயும் நானும் வாங்கக்கூடிய வண்டியைத்தான் முறுக்கேற்றி ஓட்ட வேண்டும். வார நாளில் அவள் விற்கிற அதே வண்டி! உன் மருமகப்பிள்ளை, அதாவது என் அருமை மகன், அதே அணியில் டயர் பார்க்கிறான். என்னை வீட்டில் தனியாக விட்டால் பட்டினி கிடப்பேன் என்று இந்த வருடம் என்னையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முதல் நாளே அணியின் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "வருஷக் கடைசியில மொத்தப் புள்ளியில முதல் மூணு பேருக்குள்ள வந்தா அடுத்த வருஷமும் வண்டி உனக்கு. இல்லன்னா ஷோரூமோட நின்னுக்கோ." மருமகள் தலையாட்டினாள். நான் அப்போதே கண்ணை மூடி, நாலாவது இடம் கிடைக்க வேண்டுமென்று மனமாரப் பிரார்த்தித்தேன்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசராக இருந்து, எட்டுப் போடும்போது காலை ஊன்றியவர்களையெல்லாம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஃபெயிலாக்கியவன். இங்கே என்னடாவென்றால் திருப்பத்துக்குத் திருப்பம் முழங்காலை ஊன்றுகிறார்கள், முழங்கையை ஊன்றுகிறார்கள், ஜனங்கள் கை தட்டுகிறார்கள்! ஒருவராவது கை காட்டிவிட்டுத் திரும்ப வேண்டுமே, ஊகூம். சரி, கடை வண்டி என்றால் கடை வண்டியாகவே இருக்கட்டும் என்று, முதல் பந்தயத்தன்று யாரும் பார்க்காத நேரத்தில் அவள் வண்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியும், முன்னால் நல்ல சத்தமுள்ள ஒரு ஹாரனும் முடுக்கி வைத்தேன். சோதனைக்கு வந்த அதிகாரிகள் அதைப் பார்த்துத் திகைத்து, விழுந்தால் உடைகிற சாமான் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்று அவளைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "மாமா, பின்னாடி வர்றவங்கள நான் எதுக்குப் பாக்கணும்? அவங்கதான் என்னைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய், கடைசியிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி ஆறாவதாக வந்தாள். நாலுக்கு வேண்டிக்கொண்ட எனக்கு ஆறு கிடைத்தது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த நாட்டில் இன்னொரு கூத்து. டயரைச் சூடாக்க மின்சாரக் கம்பளி சுற்றி வைக்கிறான் உன் மருமகப்பிள்ளை. கட்டின பெண்டாட்டிக்கு அவன் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை, டயருக்குக் கம்பளி! கரண்டு வீணாகிறதே என்று சுவிட்சில் கை வைத்தேன். "அப்பா! கைய எடுங்க! ஆறிப்போன டயரோட போனா முதல் திருப்பத்துலயே விழுந்துடுவா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அணிக்காரர்கள் தீயணைக்கும் உருளையோடு ஓடி வந்துவிட்டார்கள். அத்தனை பக்குவமாகச் சூடேற்றியும் அதற்கடுத்த பந்தயத்தில் விழுந்தாள் அக்கா. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், சரளைக் கற்களில் உருண்டுகொண்டே போனாள். எனக்கு உயிரே இல்லை. எழுந்து, தூசியைத் தட்டி, எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பிறகு பலகை பிடிப்பவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் சுவரோரம் நின்று, நீ எத்தனையாவது, முன்னால் போகிறவன் எவ்வளவு தூரம் என்று ஓட்டுகிறவருக்கு எழுதிக் காட்டும் வேலை. சும்மா உட்கார்ந்திருந்த என் கையில் கொடுத்தார்கள். பலகையின் அடியில் காலி இடம் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று "மெதுவாக வாம்மா, அவசரமில்லை" என்று எழுதிக் காட்டினேன். எதிர் அணிக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்து, ஏதோ ரகசியத் தந்திரம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். மருமகள் இறங்கி வந்து, "மாமா, அந்த வேகத்துல ரெண்டு எழுத்துக்கு மேல படிக்க முடியாது" என்றாள். "அப்போ மெதுவா வந்து படியேன்!" என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தாள். தோள் குலுங்கியதில் தெரிந்தது.

நேற்று கடைசிப் பந்தயம், நம் நாட்டிலேயே. முந்தின ஓட்டங்களில் அவள் விட்டதைப் பிடித்து, பிடித்ததை விட்டு, கணக்கு இப்படி வந்து நின்றது: மூன்றாவதாக வந்தால் வருடத்துக்கும் மூன்றாவது, அடுத்த வருடமும் வண்டி. நாலாவதாக வந்தால் ஷோரூம். இன்னும் ஒரு சுற்று பாக்கி. மழை தூறுகிறது. அவள் நாலாவது! என் பிரார்த்தனை அப்படியே பலித்து, கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பேசாமல் பலகையில் எண்ணை மட்டும் எழுதியிருக்கலாம். என்ன பிடித்ததோ தெரியவில்லை அக்கா, எண்ணை அழித்துவிட்டுப் பலகை முழுக்க "போ" என்று எழுதித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். கத்தவும் கத்தினேன். போனாள்! கடைசித் திருப்பத்தில், ஈரத்தில், உள்பக்கமாக நுழைந்து முந்தினாள். கை காட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முதலாளியைக் கட்டிப்பிடித்து அழுததில் அவர் காதில் மாட்டியிருந்த கருவி இரண்டாகிவிட்டது.

ஆனாலும் பயம் பயம்தான். பெற்ற பெண்ணாக இருந்தால் விடுவேனா? ஆகவே நான் முதலில் எழுதியபடி, நீ வந்து நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அவளை நிறுத்திவிடு. நீ சொன்னால் மறு பேச்சு பேச மாட்டாள். அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்களை ஏற்றிக்கொண்டு அலையும் வேனின் நாலு சக்கரங்களுக்கும், அவளுடைய இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் கலங்கிய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, போதும். நான் நிறுத்திடறேன். ஒவ்வொரு ரேஸுக்கும் நீங்க வாந்தி எடுக்கறது எனக்குத் தெரியும். உங்க உடம்பக் கெடுத்து எனக்கு ஒரு வண்டி வேணாம்" என்கிறாள். ஐயோ அக்கா, பழைய பலகைக்காரருக்கு இடுப்பு சரியானாலும் அடுத்த வருடம் பலகை என் கையில்தான் என்று முதலாளியிடம் காலையில்தான் அடித்துப் பேசிவிட்டு வந்தேன்! மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. அடுத்த வண்டியைப் பிடித்து வந்து, ஓட்டச் சொல்லி அவளிடம் சண்டை போடு. நான் சொன்னால், "பேசும்போதே கை நடுங்குதே மாமா" என்கிறாள். நடுங்குகிறதுதான். அது பயத்தில் மட்டும் இல்லை என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.