துரைக்கு ஒட்டிய தும்மல்

சாவியைத் தொலைத்துவிட்டு எவர் வந்து நின்றாலும் கதவைத் திறந்துவிடுகிற பூட்டுக்காரரை, அவருடைய மனைவியே பின்னறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அநியாயம்தான். ஆனால் கடைக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் ஒட்டிவிட்டுப் போன வைரஸ் காய்ச்சல். அவர் தும்மினால் ஜன்னல் ஆடியது.

“சாப்பாட்டைக் கதவுகிட்ட வைக்கிறேன். துரை மட்டும் உள்ள வரக்கூடாது.”

துரை என்பது பூனை. வேலைவெட்டி கிடையாது, வீட்டின் நல்ல நாற்காலி அதற்குத்தான். அதனால் அந்தப் பெயர்.

“மனுஷன் காய்ச்சல் பூனைக்கு வருமா? என்ன பேச்சு இது?”

“வருமாம். மிருக டாக்டர்கிட்ட கேட்டேன்.”

“என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா அவர்?”

“உங்களைப் பத்தி நான் கேக்கலையே.”

பாவம், மனுஷன். கட்டின புருஷனைவிடப் பூனை உசத்தியாகப் போயிற்று. பேச்சுத் துணைக்குச் சுவர்தான். இந்த லட்சணத்தில் மறுநாள் துரையே ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்து மியாவென்றால் அவர்தான் என்ன செய்வார்? சத்தமில்லாமல் கொக்கி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துரை ஜம்மென்று வந்து அவர் நெஞ்சில் ஏறிப் படுத்தது. தன் பாலை அப்படியே அதற்கு ஊற்றினார். ஒரு ஜீவனாவது நம்மை மதிக்கிறதே என்று கண் கலங்கியது.

அப்புறம் துரை தும்மியது.

“யாருங்க தும்மினது?” என்றாள் மனைவி, கதவுக்கு அந்தப் பக்கம்.

“நான்தான்.”

“சின்னதா இருந்துச்சே.”

“குணமாகுதில்ல? தும்மலும் சின்னதாகும்.”

உடனே ஒரு கிண்ணம் கஷாயம் வந்தது. அப்படி ஒரு கசப்பு. நாக்கில் பட்டதும் போன ஜென்மம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து துரை தும்மத் தும்ம இவர் குடித்தார். வேறு வழி?

ஆனால் ஒரு காலையில் துரை பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு ஒழுகிற்று; கண் திறக்கவில்லை. பூட்டுக்காரர் அதை வாரி எடுத்தார். என் ஆசைக்கு இந்த வாயில்லா ஜீவனைக் கொன்றுவிட்டேனா என்று அழுகையே வந்துவிட்டது. மானமாவது ஒண்ணாவது, கதவைத் தட்டினார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு மனைவி திறந்தாள்.

“நான்தான் உள்ள விட்டேன். இதைக் காப்பாத்து.”

அவள் துரையை வாங்கி, ஈரத் துணியால் மூக்கைத் துடைத்துவிட்டாள். துரை ஒரு கண்ணைத் திறந்து அவள் விரலை நக்கியது. அவருக்குப் போன உயிர் வந்தது.

“முதல் தும்மல்லயே தெரியும். உங்க தும்மல் எனக்குத் தெரியாதா? ஒட்டினது ஒட்டிடுச்சு, நீங்களும் தனியா கெடக்கிறீங்களேன்னு விட்டுட்டேன்.”

“அப்போ அந்தக் கஷாயம்?”

“அது பொய் சொன்னதுக்கு.”

“துரைக்கு மருந்து?”

“டாக்டர் கொடுத்ததைத் தினமும் உங்க பால்லதானே கலந்து வைக்கிறேன். எப்படியும் அதுக்குத்தான் ஊத்துவீங்கன்னு தெரியும்.”

பூட்டுக்காரர் காலியாகக் கிடந்த பால் டம்ளரைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னிக்கு... அது குடிக்கலை. வீணாப் போகுதேன்னு நான்...”

“அதையும் டாக்டர்கிட்ட முதல்லயே கேட்டு வெச்சுட்டேன்,” என்றாள். “பூனை மருந்து உங்களை ஒண்ணும் பண்ணாதாம்.”