நெல்லிக்காய் அளவு சட்டிவாவும் ஒரு நன்றியுரையும்

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. தன் பிள்ளை ஆடி முடித்ததும் குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காரில் ஏறிவிடும். அதைத் தடுக்க எங்கள் வெஸ்ட் வின்ட்சர் கமிட்டி ஒரு தந்திரம் வைத்திருந்தது: கடைசி நடனத்துக்கு முன்னால் நன்றியுரை. பிள்ளைகள் மேடையோரம் தயாராக நிற்கும்போது பெற்றோர் எங்கே போவார்கள்? நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு மைக் என்றாலே பயம். ஆபீஸ் மீட்டிங்கில் மியூட்டிலேயே பேசி முடித்துவிட்டு, நல்லவேளை யாருக்கும் கேட்கவில்லை என்று நிம்மதி அடைகிற ரகம் நான். தைரியம் தேடி ஜெர்சி சிட்டியில் ஒரு கஞ்சாக் கடைக்குப் போனேன். (இங்கே பெரியவர்களுக்கு அது சட்டப்படி கிடைக்கும். சென்னையிலிருக்கும் என் பெரியப்பா இதைப் படிக்காமல் இருக்கட்டும்.)

உள்ளே நகைக்கடை வெளிச்சம். காதில் ஆறு வளையம் போட்ட பெண் ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்து, வரனின் ஜாதகம் சொல்வதுபோல் சொன்னாள். சட்டிவா என்ற கஞ்சா வகையின் பக்கம் சாய்ந்த கலப்பு ரகம். எலுமிச்சை வாசனை, பின்னாலேயே பைன் மர வாசனை. படுக்க வைக்காது, எழுப்பி உட்கார வைக்கும். உற்சாகம், கற்பனை, தாராளமான பேச்சு. முதல் தடவை என்றால் பாதி மிட்டாய் போதும், இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார் என்று இரண்டு முறை சொன்னாள்.

விழா அன்று கார் ஓட்டியது என் மனைவி கவிதா. இரண்டு மணிக்கு ரகசியமாகப் பாதி மிட்டாய் தின்றேன். அரை மணி ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளி லேகியம் தின்று வளர்ந்தவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு, வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு. மீதிப் பாதியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து உருட்டினேன். சரியாக நெல்லிக்காய் அளவு வந்தது. விழுங்கிவிட்டேன்.

நாலு இருபதுக்கு மேடை ஏறினேன். ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். கையில் இரண்டு நிமிடத்துக்கான காகிதம். பயம் இருந்த இடத்தில் வியப்பு வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் குனிந்து விரித்திருக்கிறார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"உமா ஆன்ட்டி, தயிர் பச்சடிக்கு நீங்க வெட்டின வெங்காயம் அத்தனையும் ஒரே சைஸ். நாங்க யாராவது அத நின்னு பாத்திருக்கோமா?"

உமா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்துடன் இறங்கியிருக்கலாம். நான் திரைச்சீலையைத் தைத்தவருக்கு நன்றி சொன்னேன். வருடம் முழுக்க வேலையே இல்லாவிட்டாலும் வரிசையை விட்டுப் போகாத ஆய்த எழுத்துக்கு நன்றி சொன்னேன். முன்வரிசையில் கவிதா கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினாள். அந்த விரல்களின் அழகுக்கும் நன்றி சொன்னேன்.

மேடையோரம் என் மகள் நிலா, ஒன்பது வயது, தலையில் கரகத்தோடு நின்றாள். நான்கு மாதமாகப் பயிற்சி எடுத்த நடனம்.

"அப்பா, ப்ளீஸ் ஸ்டாப். மை நெக் ஹர்ட்ஸ்."

திரும்பிப் பார்த்தேன். கரகம் துளியும் ஆடவில்லை. பிரமித்துப்போய் அந்தக் கரகத்தைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹால் காவலாளி விளக்குகளை அணைத்தார். நிலா கரகத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கவிதா நேரே பார்க்கிங் லாட்டுக்குப் போய், எங்கள் காரின் எல்லாக் கதவுகளையும் திறந்து பாட்டைப் போட்டாள். கிளம்பிய கார்கள் நின்றன. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே எட்டுச் சிறுமிகள், எட்டுக் கரகங்கள். நிலா சுழன்றாள். என் மகள் இப்படி ஆடுவாள் என்று எனக்குத் தெரியாது. மிட்டாய் இல்லாவிட்டாலும் அன்று அழுதிருப்பேன்.

நடைபாதை ஓரம் உட்கார்ந்து தேம்பியவனிடம் கவிதா வந்தாள்.

"என்னத்த சாப்பிட்டீங்க?"

"நெல்லிக்காய் அளவுதான்."

அந்த மிட்டாயையும் மைக்கையும் பிறகு நான் தொட்டதில்லை. ஆனால் கடைசி நடனம் மட்டும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிங் லாட்டில்தான். புதிதாகச் சேர்ந்த பெற்றோர் அதைப் பழைய தமிழ் மரபு என்று நம்பிப் படம் எடுக்கிறார்கள்.

நிலாவுக்கு இப்போது பதின்மூன்று. போன வாரம் ஐசலினில் ஒரு ஓட்டலில், பரிமாறியவரிடம் சாம்பார் பிரமாதம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் தாண்டியது. எதிரே நிலா தண்ணீர் ஜக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான் வாயை மூடிக்கொள்ளும்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.