அடிவயிற்று அண்ணனும் புது எலுமிச்சம்பழமும்

“…கல்லு மேல பழி போடாதீங்க தம்பி. கல்லு அது பாட்டுக்கு அங்கேயேதான் கெடந்துச்சு. போனது நீங்க.”

வண்டிக்கு அடியிலிருந்து இந்தக் குரல் வந்தபோது எனக்குத் தெரிந்தது இரண்டு உள்ளங்கால்கள் மட்டும்தான். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜொகூர் மாநிலத்தில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவர்களைவிட உள்ளங்காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். மாசாய் பாசாரில் எதிரே வந்தால் அவருடைய வாடிக்கையாளர்களே கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவார்கள். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினால் மட்டும், “அட, அண்ணே, நீங்களா!” என்று கும்பிடுவார்கள்.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டியின் கீழ்ப்பகுதியை அவர் அடிவயிறு என்றுதான் சொல்வார். அதனால் நாங்கள் அவரை அடிவயிற்று அண்ணன் என்றோம். கடைவரிசையின் பின்பக்கம், ஓடையை ஒட்டி ஒரு தகரக் கூரைப் பட்டறை. அங்கே பிக்கப் வண்டிகளுக்கு அடித்தகடு செய்து மாட்டுவதுதான் அவருடைய தொழில். காட்டுப் பாதையிலும் தோட்டப் பாதையிலும் போகிற வண்டியின் அடியில் கல்லும் கட்டையும் முட்டாமல் காக்கிற தகடு.

அதற்கு முன்னால் பாசிர் கூடாங் பக்கம் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டி ஒட்டுப் போடுகிற வேலையில் இருபது வருஷம் இருந்தாராம். “மாலுமி மேல நின்னு ஆயிரம் கதை சொல்வான். எங்க தூங்கிட்டான், எங்க தரை தட்டுனான்னு கீழ வந்து பாத்தாதான் தெரியும்” என்பார். கப்பலைப் பார்த்த அதே கண்ணால்தான் பிக்கப்பையும் பார்த்தார். கீறலைத் தடவிப் பார்த்தே ஓட்டியவனின் குணத்தைச் சொல்லிவிடுவார். ஒருவரிடம், “வீட்டுல சண்டை போட்டுட்டு வண்டி எடுத்தீங்களா?” என்று கேட்க, அந்த மனிதர் மூக்கைச் சிந்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

மின்சாரப் பிக்கப்புகள் வந்ததும் அண்ணனின் கவலை பத்து மடங்கானது. “பழைய வண்டியில எண்ணெய்ப் பாத்திரம் ஓட்டையானா ஒழுகும். ஒழுகுனா நமக்குத் தெரியும். இதுக்கு மொத்த உசுரையும் அடியில பாய் மாதிரி விரிச்சு வச்சிருக்கான். அடி பட்டாக் கத்தவும் தெரியாது தம்பி, ஊமைப் புள்ள.” சொல்லும்போது தன் வயிற்றையே தடவிக்கொள்வார். கேட்கிற நம் கையும் தானாக நம் வயிற்றுக்குப் போகும்.

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. வண்டிக்காரர் தானும் பாயில் மல்லாக்கப் படுத்துத் தன் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கூடாய்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்து, இருப்பதிலேயே தடித்த இரும்புத் தகடு வேண்டும் என்றார். “சார், இரும்புக் கதவை வயித்துல கட்டிக்கிட்டு நீங்க நடப்பீங்களா? கனம் கூடுனா வண்டி தாழும். தாழ்ந்தா இன்னும் முட்டும். பேட்டரியும் பாதி வழியில நாக்குத் தள்ளும். மொதல்ல படுங்க” என்றார் அண்ணன். சார் படுத்தார். தலைக்கு மேல் விரிந்திருந்த பேட்டரியைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்த பிறகு, சட்டையைத் தட்டிக்கொண்டே, “தகடு வேணாம்லா. நான் இனிமே கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சட்டம், மண். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சிட்டிகை மண் தங்கினாலும் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், சூட்டையும் பிடித்து வைக்கும் என்பார். அதனால் தகடு மாட்டும் முன் மூன்று முறை கழுவுவார். கழுவியபின் வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். லேசாகச் சிவந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. புது மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல்கூட அத்தனை பக்தியோடு நடக்காது.

எல்லாவற்றிலும் பெரியது எலுமிச்சம்பழம். வண்டி பாரத்தோடு எவ்வளவு தாழ்கிறது, ஓட்டுகிறவர் எந்த மாதிரிப் பாதையில் போகிறார் என்று தெரியாமல் அவர் தகடு வெட்ட மாட்டார். அதற்காகப் பேட்டரிக்கு நடுவே, அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கும்படி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிடுவார். அழகுக்கு இரண்டு பச்சை மிளகாய். பத்து நாள் ஓட்டிவிட்டு வரவேண்டும். “பழம் நசுங்கி வந்தா, கல்லு உங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.”

“திருஷ்டிக்கு முன்னாலதானே கட்டுவாங்க அண்ணே?” என்று யாராவது கேட்டால், “முன்னால மனுஷன் கண்ணு. கீழ கல்லோட கண்ணு. எது பொல்லாதது?” என்பார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பி ரவி, எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவன். பல வருஷம் கனவு கண்டு ஒரு பச்சை நிற மின்சாரப் பிக்கப் வாங்கினான். அடிவயிற்று அண்ணன் அதில் பழமும் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தகடு மாட்டுவது, சனிக்கிழமை மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோத்தா திங்கி காட்டுப் பாதையில் ஆற்றங்கரைக்குப் போவது என்று ஏற்பாடு. வெள்ளியன்று வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. சாவியைக் கொடுக்கும்போதே சொன்னான்: “தார் ரோட்டுல எங்க வேணும்னாலும் எடுத்துக்குங்க மச்சான். மண்ணுல மட்டும் வேணாம். தகடு இன்னும் மாட்டல.”

வியாழக்கிழமை சிகாமட்டிலிருந்து நண்பர் போன் செய்தார். “டுரியான் பழம் மழை மாதிரி விழுது. வண்டியோட வந்துருலா. ரோடா? தாருதான்!” அவர் பொய் சொல்லவில்லை. தார் இருந்தது. கடைசி இரண்டு மைலுக்கு மட்டும் இல்லை. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செம்மண், பள்ளம், மட்டை, நேற்றைய மழை. காலி வண்டி சமத்தாக ஏறிவிட்டது. இறங்கும்போது பின்னால் வாய் வரைக்கும் டுரியான். கர்ப்பிணி மாதிரி அசைந்து அசைந்து வந்த வண்டி, ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது.

டொங்.

எந்த விளக்கும் எரியவில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. ஊமைப் பிள்ளை ஆயிற்றே! இறங்கிச் சேற்றிலேயே படுத்துக் கையை நீட்டித் தடவினேன். எங்கே அடிபட்டது என்று பார்க்கத் தெரியவில்லை. தொட மட்டும்தான் தெரிந்தது. எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் ஒரு துண்டுத் தோலும் இரண்டு மிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன.

மாசாய் வந்துசேரும் வரை கண்ணாடிகளை இறக்கிவிட்டு மோந்துகொண்டே ஓட்டினேன். எதை மோந்தேன் என்று கேட்காதீர்கள். பேட்டரியே பற்றி எரிந்தாலும் அந்த டுரியான் வாசத்தில் தெரிந்திருக்காது. வீட்டு வாசலில் நிறுத்தப் பயந்து, திடலின் ஓரமாகப் புல்லில் நிறுத்திவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு வந்தேன். “வண்டிக்குக் காய்ச்சலா?” என்றாள் என் மனைவி.

அன்று மாலை ரவியின் பிள்ளைகள் காற்றடைத்த வாத்து மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டே வந்தார்கள். “மாமா, நாளைக்கு மறுநாள் நாங்க ஆத்துக்குப் போறோம்! அப்பாவோட வண்டி தண்ணிக்குள்ளகூடப் போகுமாம்!” நான் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு மறுபடியும் சூடு பார்க்கப் போனேன்.

அப்போது ஓர் அற்ப யோசனை தோன்றியது. நாளைக்குத் தகடு மாட்டிவிட்டால் அடியில் என்ன ஆகியிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. பழம் ஒன்றுதான் சாட்சி. மறுநாள் காலை பாசாரில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, அதே கயிற்றில் கோத்துவிட்டேன். மாட்டி முடித்ததும் ஓர் அயோக்கிய நிம்மதி வந்தது. பட்டறைக்குப் போகிற வழியிலேயே அது போய்விட்டது.

அண்ணன் பாயில் சறுக்கி உள்ளே போனார். கால் பெருவிரல் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது.

“மொளகா ரெண்டும் கெழவன் மாதிரி சுருங்கிக் கெடக்கு. பழம் மட்டும் இப்பதான் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கே தம்பி?”

“அது… நல்ல ஜாதிப் பழம் அண்ணே.”

“ம்.”

அந்த ‘ம்’மை என்னால் தாங்க முடியவில்லை. “அலமாக், அண்ணே, ஒரு கல்லு! நட்ட நடுப் பாதையில…” என்று ஆரம்பித்தேன். அதற்குத்தான் அவர் கல்லின் மேல் பழி போடாதீர்கள் என்றது.

வெளியே வந்தார். முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். பயந்துபோன முகம். “பேட்டரிக்குக் கீழ இருக்குற மூடி நசுங்கியிருக்கு. உள்ள என்னன்னு கழட்டிப் பாத்தாதான் தெரியும். வண்டிக்காரரு சொல்லாம நான் யாரு வயித்தையும் தொறக்க மாட்டேன்.”

“அப்போ திறக்க வேணாம் அண்ணே, தகட்டை மட்டும்…”

“காயத்துக்கு மேல சட்டை போட்டு விடச் சொல்றீங்களா?”

“குடும்பத்துல பெரியவன் நான் சொல்றேன்ல…”

“அது ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட எடுபடும். இங்க எடுபடாது.” சாவிக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். பல வருஷத்துக்கு முன் தொழிற்சாலை எந்திரத்தில் பாதி போன என் சுண்டு விரலை ஒரு நொடி பார்த்தார். “ரவி தம்பியோட புள்ளைங்க எங்க உக்காரும்? பின் சீட்டுலதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரவிக்குப் போன் செய்தேன். பழம் மாற்றியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிங்கப்பூர் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “வர்றேன்” என்றான். ‘மச்சான்’ இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததே என் நெஞ்சில் கல்லாய் உட்கார்ந்தது.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, பளபளக்கும் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தான். என் பக்கம் திரும்பவில்லை. “தொறங்க அண்ணே” என்றான்.

“மூணு பாய் இருக்கு” என்றார் அடிவயிற்று அண்ணன்.

மூன்று பேரும் படுத்தோம். நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரவி. என் வயிறு வண்டியின் வயிற்றை முட்டியது. ஒவ்வொரு திருகாணியாகக் கழன்று தகர டப்பாவில் விழுந்தது. டிங். டிங். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளைகளின் வாத்து மிதவை என் கண்முன் வந்து போனது. மூடி இறங்கியது. டார்ச் விளக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

“பேட்டரிப் பெட்டி தப்பிச்சிருச்சு. ஆனா இங்க பாருங்க. அதைக் குளிர்விக்கிற தண்ணிக் குழாயைப் பிடிச்சிருந்த கொக்கி ஒடைஞ்சு, குழாய் இரும்புல உரசிக்கிட்டு நிக்குது. நாளைக்குக் காட்டுக்குள்ள குதிச்சிருந்தா தேஞ்சு பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். நடுக் காட்டுல வண்டி படுத்திருக்கும். இதை மாத்தி, வண்டி வித்தவங்க பேட்டரியையும் சோதிச்ச பெறகுதான் தகடு. நாளைக்கு ஆறு கெடையாது.”

ரவி தலையைத் திருப்பினான். அண்ணனின் மார்புக்கு மேலாக அவன் கண்கள் என்னைப் பார்த்தன. “சொல்லாமலே தகட்டை மாட்டிக்கிட்டு வந்திருப்பீங்களா?”

“மாட்டியிருப்பேன்டா” என்றேன். “இவருதான் விடல.”

அண்ணன் டார்ச்சை வண்டியைத் தாங்கும் சட்டத்தின் பக்கம் திருப்பினார். கரும் இரும்பில் காய்ந்த செம்மண்ணாய் ஒரு கை பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. மூன்றிலும் சுண்டு விரல் பாதிதான்.

“ரவி தம்பி, நான் ஊருப்பட்ட வண்டி பாத்துட்டேன். முட்டுனவன் எல்லாம் இறங்கி ஒரு உதை உதைச்சிட்டுப் போயிருவான். இவரு சேத்துல படுத்து, எங்க வலிக்குது எங்க வலிக்குதுன்னு தடவியிருக்காரு. காய்ச்சக்காரப் புள்ளையத் தொடற மாதிரி. பழம் மாத்துனது திருட்டுத்தனம். இதுவும் அதே கைதான்.”

ரவி தலையை நகர்த்தி, அந்த மூன்று கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“டுரியான் எங்க மச்சான்?”

‘மச்சான்’ என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. “எங்க வீட்டு பின்பக்கம்.”

“சதை மஞ்சளா?”

“நல்ல மஞ்சள்டா.”

“புள்ளைங்களுக்கு நீங்களே சொல்லுங்க, நாளைக்கு ஆறு இல்லன்னு. நான் சொல்ல மாட்டேன்.”

பிள்ளைகள் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை, டுரியான் மட்டும் சாப்பிட்டார்கள். அது வேறு கதை.

நாங்கள் வெளியே வந்ததும் அண்ணன் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கழுவ ஆரம்பித்தார். மூன்று முறை. நான் வெட்கத்தோடு, “அந்தக் கை அச்சையெல்லாம் அழிச்சிடுங்க அண்ணே” என்றேன். ஒரு சிட்டிகை மண்ணுக்கு வெள்ளைத் துணியை வெயிலில் தூக்கிப் பார்க்கிற அந்த மனிதர், ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் நெருக்கிப் பிடித்து, சட்டத்தில் பதிந்திருந்த அந்த நாலரை விரல் அச்சுகள் மூன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல், சுற்றிச் சுற்றிக் கழுவிக்கொண்டு போனார்.