‘இங்கிருந்து’ என்றார் டீமேக்கர்

கம்ப்யூட்டரை முகர்ந்து பார்த்து அதில் கோளாறு இருக்கிறது என்று சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டீமேக்கர். சந்தேகம் இருப்பவர்கள் குன்னூர்ப் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

டீமேக்கர் என்பது பட்டப்பெயர் இல்லை, உத்தியோகம். பச்சை இலை பேக்டரிக்குள் நுழைந்ததிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிற வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் அவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயரும் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போய், இலையைப் பறிப்பதைவிடச் செடியிலேயே விடுவது லாபம் என்று ஆனபோது எங்கள் மலைப்பாதை வளைவிலிருந்த பேக்டரியும் மூடப்பட்டது. மிஷின் நின்றது. டீமேக்கர் நிற்கவில்லை. தினமும் காலையில் கம்பளி மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டே இருந்தார்.

அந்த பேக்டரியின் மேல்மாடியில்தான் எங்கள் கம்பெனி. முதலாளியின் மகள் சுகன்யா கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஆரம்பித்தது. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று மலையில் எது நடந்தாலும் வீடியோ எடுக்கிறவர்கள் எங்கள் தளத்தில் ஏற்றுவார்கள். பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப்போன சொந்தக்காரர்கள் அங்கிருந்தே பார்ப்பார்கள். புரோகிராம் எழுதுவது பிரகாஷ். திரையில் வருகிற வார்த்தைகளை எழுதுவது நான். என் அப்பா அருவங்காட்டு வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகள் வீட்டுப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்பதில் அவருக்குப் பெருமை. அது இலை வாட்டும் மாடி என்பதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். டீமேக்கர் கட்டடத்தோடு சேர்ந்து வந்தவர். சுகன்யா அவரை வாட்ச்மேனாகப் போட்டு ஒரு சம்பளமும் கொடுத்துப் பார்த்தாள். சம்பளத்தை வாங்கிக்கொண்டார், வாட்ச்மேன் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஒரு சிக்கல். கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். அதில் தன் தங்கை சிரித்த இடம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கினால் பிடித்த இடம் மட்டும் தனியாகப் போய் உட்கார வேண்டும். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கேட்க எளிது. இதைச் செய்துகொடுத்தால் பார்க்க வருகிறோம் என்று பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி சொல்லியிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் நாங்கள் பிழைப்போம். பிடிக்காவிட்டால் ஆளுக்கொரு திசை. கட்டடத்தை வாங்கி ரிசார்ட் கட்ட ஒருவர் ஏற்கெனவே டேப்பு வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். அவர் அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது டீமேக்கர்தான். பிடித்த முகத்தைப் பார்க்கவேண்டுமே.

கட்டடம் போனால் அவரும் போகவேண்டும். மகன் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்து, ஆளில்லாத பேக்டரியில் என்னப்பா செய்கிறீர்கள், பேசாமல் இங்கே வந்துவிடுங்கள் என்பான். டீமேக்கர் ஒவ்வொரு முறையும் இப்போது லீவு போட முடியாது என்று சொல்லிவிடுவார். ஆகவே பெங்களூர்க்காரர்களுக்கு எங்கள் பொத்தான் பிடிக்க வேண்டும் என்று எங்களைவிட அவர்தான் கவலைப்பட்டார். கவலைப்பட்டுச் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. உதவி செய்ய ஆரம்பித்தார்.

முதல் உதவி, லேப்டாப்பை முகர்ந்தது. பிரகாஷின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு முறை மூக்கை உறிஞ்சி, கருகுகிறது என்றார். பிரகாஷ் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தி, அடிமூடியைக் கழற்றி, அரை நாள் சோதித்தான். ஒன்றுமில்லை. கருகியது கீழே வளைவில் இருக்கிற பேக்கரியில் வர்க்கி. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்சமும் அசரவில்லை.

“கருகுதுன்னு சொன்னனா இல்லீங்களா?” என்றார்.

இரண்டாவது உதவி இன்னும் பெரியது. பிரகாஷ் திரைகளை முதலில் காகிதத்தில் வரைந்து பார்ப்பான். எங்கள் மாடியில் பச்சை இலையைப் பரப்பி வாட்டுவதற்கென்று நீள நீளமாகக் கம்பி வலைப் படுக்கைகள் உண்டு, ஒவ்வொன்றின் கோடியிலும் ராட்சத மின்விசிறி. பச்சையாக எது வந்தாலும் வாட்டாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது என்பது டீமேக்கரின் சித்தாந்தம். நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பிரகாஷின் படங்களை எல்லாம் ஒரு படுக்கையில் வரிசையாகப் பரப்பி விசிறியைப் போட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் கம்பெனியின் எதிர்காலம் ஜன்னல் வழியே பறந்து தேயிலைச் செடிகள் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

பிரகாஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அதிலும் ஒரு நன்மை. கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து சரஸ்வதியக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். சரஸ்வதியக்கா சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கொழுந்து எடுக்கிற வேலை வாரத்தில் பாதி நாள்தான். இது என்ன படம் என்று கேட்டார்கள், சொன்னோம். எங்களுக்கும் பொத்தானை அமுக்கிப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அன்றிலிருந்து அவர்கள்தான் எங்கள் சோதனைக் குழு.

சோதனை என்றால் எங்களுக்குத்தான் சோதனை. மாரியம்மன் திருவிழா வீடியோவைப் போட்டோம். சரஸ்வதியக்காவின் மகள் அதில் கும்மியடிக்கிறாள். மகள் முகம் தெரிந்தபோதெல்லாம் அக்கா வாய் நிறையச் சிரித்து, பக்கத்திலிருப்பவரைத் தட்டிக் காட்டி, பிறகு சாவகாசமாகப் பொத்தானை அமுக்கினார். கடைசியில் எடுத்து வைத்ததை எல்லாம் திறந்து பார்த்தால் ஒரு பந்தல்கால், யாரோ ஒருவருடைய முதுகு, ஒரு காலி நாற்காலி.

“நான் அமுக்கினது புள்ளைய தம்பி. நீ குடுக்கிறது பந்தக்கால” என்றார் அக்கா, வருத்தமாக.

யாரை உட்காரவைத்தாலும் இதே கதை. சந்தோஷம் முதலில் வருகிறது, விரல் பின்னால் வருகிறது. தொடக்கத்தையும் முடிவையும் அவர்களே நகர்த்தி வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொடுத்தான் பிரகாஷ். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. அப்படியானால் அமுக்கிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதில்தான் வந்தது வினை.

டீமேக்கர் தன் வாழ்நாளில் எதற்கும் கணக்குச் சொன்னவரில்லை. அரைத்த இலையைப் பரப்பி வைத்திருக்கும்போது அது பதமாகிவிட்டதா என்று மூக்குதான் அவருக்குச் சொல்லும். கடிகாரத்தைப் பார்த்து டீ செய்கிறவன் கடிகாரத்தையே குடித்துக்கொள்ளலாம் என்பார். லாரி காத்திருக்கிறது, சீக்கிரம் முடி என்று ஒருமுறை முதலாளியே வந்து நின்றபோது, வாசம் இன்னும் வரவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவர். இப்பேர்ப்பட்டவரிடம் பிரகாஷ், எத்தனை வினாடி பின்னால் போகலாம் என்று ஒரு நம்பர் கேட்டான்.

மழை நாள் இலையும் பனி நாள் இலையும் ஒன்றா என்று எதிர்க்கேள்வி கேட்டார். ஒவ்வொரு வீடியோவையும் தன்னிடம் காட்டினால், எங்கே ஆரம்பிக்கலாம் என்று தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். இந்த உலகத்தில் இருக்கிற அத்தனை வீடியோவையும் தானே பார்ப்பதாக ஒரு மனிதர் முன்வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கடைசியில் பிரகாஷ் ஒரு தந்திரம் செய்தான். அவரை உட்காரவைத்து வீடியோக்களைப் போட்டுக்காட்டி, அவர் ‘இங்கிருந்து’ என்று விரலை நீட்டுகிற இடத்தை எல்லாம் தன் பக்கம் குறித்துக்கொண்டான். நாங்கள் நினைத்ததைவிட எப்போதும் அவர் நிறையப் பின்னால் போனார். மகன் போன் செய்த நாட்களில் அது இன்னும் கூடியது. தாலி கட்டுகிற இடத்தைக் காட்டினால், அதற்கு வெகு முன்னால், யாரோ தட்டில் அட்சதை கொண்டுவருகிற இடத்தில் விரலை நீட்டினார். அங்கே ஒன்றுமே இல்லையே என்றேன்.

“தாலி எல்லாரும்தானுங்க அம்மிணி கட்டறாங்க” என்றார். “அதுக்கு முன்னால அந்தப் புள்ள கூட்டத்துல அவங்கப்பன் எங்கேன்னு தேடுது பாருங்க. தேடறதப் பாக்காம கட்டறத மட்டும் பாத்தா என்னங்க இருக்குது? இங்கிருந்துதான் ஆரம்பிக்கோணும்.”

போட்டுப் பார்த்தோம். தேடுகிறாள்தான். அதற்கு முன் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்திருந்த எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. பிரகாஷ் மறுபேச்சு இல்லாமல் டீமேக்கர் அளவையே போட்டுவிட்டான். பொத்தானுக்கு நான் ‘இத்தருணத்தைச் சேமிக்கவும்’ என்று எழுதி வைத்திருந்தேன். ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அதையும் அவர் மாற்றச் சொன்னார். வீட்டில் பலகாரம் செய்தால் பிள்ளைக்கென்று எடுத்து வைப்போம் இல்லையா, அந்த மாதிரி இருக்க வேண்டுமாம். ‘எடுத்து வை’ என்றே போட்டேன். எனக்கு அப்போது கோபம்தான். அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதால் கோபம் கொஞ்சம் நீடித்தது.

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி, கூட ஒரு உதவியாளர். டீமேக்கர் இஸ்திரி போட்ட சட்டையோடு கதவருகே நின்றார். அந்த அம்மா தமிழ்க்காரர்தான். கல்யாண வீடியோவைப் பார்த்தார், சரியான இடத்தில் சிரித்தார், பொத்தானை அமுக்கினார். எடுத்து வைத்ததைத் திறந்தார். அட்சதைத் தட்டு வந்தது. கூட்டம் வந்தது. பெண் அப்பாவைத் தேடினாள். அந்த அம்மா ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு தெளிவாகவே பேசினார். எல்லாம் பிடித்திருக்கிறது, ஒரு விஷயத்தைத் தவிர. இது ரொம்ப முன்னாலேயே ஆரம்பிக்கிறது, எங்கள் வாடிக்கையாளர்கள் இவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார்கள். இதை நன்றாகக் குறைத்துவிட்டால் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று, வேலை இங்கே நடக்காது. நீங்கள் ஐந்து பேரும் பெங்களூர் வந்துவிட வேண்டும்.

ஐந்து பேர் என்றால் யார் யார் என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சுகன்யா கதவுப் பக்கம் திரும்பினாள். அவள் அந்த பேக்டரியில் தவழ்ந்து வளர்ந்தவள். டீமேக்கர் தலையசைக்காமல் அங்கே ஒரு மூட்டை வெளியே போனதில்லை. பிரகாஷ் என் காதருகே, கதவைச் சாத்தப்போகிறார் என்றான். எனக்கும் அதே பயம். அதே நேரம், சாத்திவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவர் மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“குறைச்சுக்கலாமுங்க” என்றார் அந்த அம்மாவைப் பார்த்து. “அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க. நான் சும்மா பொழுது போகாம சொன்னது. சுகன்யா பாப்பா, கையெழுத்துப் போடு கண்ணு. புள்ளைங்க பொழைக்கட்டும்.”

முதலாளிக்கே வளையாத மனிதர் இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ கொண்டுவர வளைவுக்கு இறங்கிப் போனார். வரும்போது வர்க்கியும் வாங்கி வந்தார், கருகாததாகப் பார்த்து.

அடுத்த மாதம் நாங்கள் பெங்களூர் போனோம். அதற்கு முன்பே முருகேசன் ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவைத் திருப்பூருக்கு அழைத்துப் போனான். நான் போய் வழியனுப்பினேன். மலை இறங்கிப் பர்லியார் தாண்டியதும் புழுக்கம் ஆரம்பித்துவிடும், மப்ளரைக் கழற்றிவிடுங்கள் என்றேன். திருப்பூரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவரிடமிருந்து போன் வந்தது ஆடி மாதத்தில். மேலே மழையா என்று கேட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன் என்றேன். அதைக் காதில் வாங்காமல் விஷயத்துக்கு வந்தார். பேரன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடினானாம். வீடியோ எங்கள் தளத்தில் இருந்ததாம். அமுக்கிப் பார்த்தாராம்.

“நம்ம பையன் ஆடறதுக்கு முன்னால, திரை ஓரமா நின்னு எங்களத் தேடறானுங்க அம்மிணி. அங்கிருந்தே வருது. நான் சொன்ன அளவேதான் வச்சிருக்காங்க. பாத்தீங்களா, பெங்களூர்க்காரங்களுக்கும் கடைசில வெளங்கிருச்சு.”

ஆமாங்க, நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார்கள் என்றேன். அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எனக்கும்தான்.

போனை வைத்துவிட்டுப் பிரகாஷிடம் போனேன். உலகத்துக்கெல்லாம் அளவைக் குறைத்தது அவன்தான், என் கண் முன்னால். கேட்டதும் தலையைச் சொறிந்தான். குறைத்த அன்றைக்கே, டீமேக்கரின் போன் நம்பருக்கு மட்டும் பழைய அளவை விட்டுவைத்திருக்கிறான். கம்பெனிக்குத் தெரியாது. புரோகிராமில் அந்த வரிக்குப் பக்கத்தில், ‘இது டீமேக்கருக்கு, கை வைக்க வேண்டாம்’ என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான்.

பிரகாஷ் அந்தக் கம்பெனியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. நானும் வந்துவிட்டேன், சுகன்யாவும் வந்துவிட்டாள். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகள் குன்னூரைப் பார்த்திருக்கமாட்டார்கள், டீமேக்கர் என்றால் ஆளா மிஷினா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இருந்தும், போன வாரம் திருப்பூரிலிருந்து வந்த போனை வைத்துச் சொல்கிறேன், இன்று வரை ஒருவரும் அதில் கை வைக்கவில்லை.