தபாலில் போன அழைப்பிதழ்

மகள் யதுர்ஷிகாவின் கலியாணத்தில் ஒரு இலாகாவையாவது தன் கையில் வைத்திருப்பது என்று தில்லைநாதன் தீர்மானித்தார். மண்டபம், சேலை, மேளம், மாப்பிள்ளை எல்லாம் எப்போதோ மனைவி இராசமலரிடம் போய்விட்டன. மிஞ்சியிருந்தது அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதும் வேலை. அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

பிடித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று விளங்கியது. 'குடும்பத்தினர்' என்று எழுதினால் வான் வண்டி பிடித்து எல்லாரும் வருவார்கள். 'அவர்கள்' என்று எழுதினால் ஒரே ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதை. தபாலில் போட்டால், வராதே என்று வாயைத் திறக்காமல் சொன்னதாக அர்த்தம். ரோஷமுள்ளவர்கள் அந்தக் கலியாணப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். வேலிச் சண்டைக்காரர் ஏரம்புவுக்கு 'அவர்கள்' என்று எழுதியபோது தில்லைநாதனுக்கு மாங்குளம் ஊரையே ஆளுகிற சுகம் வந்தது.

அடுத்த உறை மனைவியின் தங்கை நிசாந்தினிக்கு. தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கிறாள். யுத்தம் முடிந்த நாட்களில் முள்ளிவாய்க்கால் பக்கம் வைத்து அவளுடைய கணவன் பிரசாந்தனை விசாரணை என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லை.

"திரு. திருமதி பிரசாந்தன் எண்டு போடுங்கோ," என்றாள் இராசமலர்.

"இல்லாத ஆளுக்கும் அழைப்புக் காட்டோ?"

"இல்லை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"எத்தினை வருசமாப் போச்சு, மலர்!"

"அவள் பொட்டு வைக்கிறாள். தாலி கழுத்தில கிடக்கு. அவளின்ர பேரை மட்டும் எழுதினா, நாங்களே அவனைச் சாக்காட்டின மாதிரி."

"மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பாக்கிற ஆக்கள். இவள் முன்னுக்கு நிண்டு ஆலாத்தி எடுத்தா, புருசன் இருக்கிறானோ இல்லையோ எண்டு நாலு சனம் கேக்கும்."

"கேக்கட்டும். அவளும் அதைத்தானே கேட்டுத் திரியிறாள்."

இடம்பெயர்ந்து ஓடியபோது யதுர்ஷிகாவைத் தோளில் சுமந்து வந்தவள் இந்த நிசாந்தினிதான். தில்லைநாதன் அதை மறக்கவில்லை. மறந்து செய்திருந்தால் மன்னிக்கலாம். நன்றாக நினைவு வைத்துக்கொண்டே 'நிசாந்தினி அவர்கள்' என்று எழுதி, முத்திரை ஒட்டி, தானே சைக்கிளில் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

"போட்டிட்டன்," என்று வீட்டில் வந்து அறிவித்தார்.

"ஓம், உங்கட விருப்பம்," என்றாள் இராசமலர்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனிதர் பயந்திருக்க வேண்டும். பதிலாக, வென்றுவிட்டதாக நினைத்து ரெண்டு தேத்தண்ணி குடித்தார்.

பலகாரம் சுடுகிற நாள் வந்தது. முதல் தாச்சியை, அதாவது எண்ணெய்ச் சட்டியை, அடுப்பில் வைப்பது புருஷன் உள்ள பெண்ணின் உரிமை. தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு தில்லைநாதன் படலையைத் திறந்தபோது, அந்தத் தாச்சிக்கு முன்னால் பெரிய பொட்டோடு நிசாந்தினி இருந்தாள். அவள் தோளில் தோள் முட்ட மாப்பிள்ளையின் தாய் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வாங்கோ அத்தான்," என்றாள் நிசாந்தினி. அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

மனைவியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "இவள் எப்ப வந்தவள்?"

"காலமை பஸ்ஸுக்கு. கலியாணம் முடியுமட்டும் நிப்பாள்."

"காட் கிடைச்ச பிறகுமோ?"

"காட் வெளியாக்களுக்கு. வீட்டு ஆக்களுக்கு ஆர் காட் குடுக்கிறது? அத்தான் தெரியாமப் போட்டிட்டார், பெரிசா எடுக்காதை எண்டு சொன்னனான்."

"சம்பந்தி பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா!"

"அவாதான் முதல் தாச்சியை நிசா வைக்கோணும் எண்டு பிடிவாதமா நிண்டவா. அவாவின்ர தம்பியையும் அப்பிடித்தான் கொண்டுபோனவை. ரெண்டு பேரும் காணாமப் போன ஆக்களைக் கேட்டுப் போராடுற கிளிநொச்சிப் பந்தலில படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டா இருந்த ஆக்கள். இந்தச் சம்பந்தமே அங்க பேசினதுதான்."

"என்ர பேரைக் கேள்விப்பட்டு வந்த சம்பந்தம் எண்டெல்லோ நான்..."

"நீங்கள் அப்பிடி நினைச்சுச் சந்தோசமா இருந்தியள். நான் ஏன் கெடுப்பான்?"

தில்லைநாதன் வெட்கத்தில் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய் இரண்டு உறைகளோடு வந்தார்.

"அண்ணை, எங்கட பக்கத்து அழைப்பிதழில ரெண்டுக்குப் பேர் எழுதக் கிடக்கு. அது உங்கட பொறுப்பாம் எண்டு மலர் சொன்னா. ஒண்டு, திரு. திருமதி பிரசாந்தன் குடும்பத்தினர். மற்றது என்ர தம்பிக்கு."

கதிரையில் குந்தி, முதல் உறையை எழுதினார். பேனா ஓடவில்லை, தள்ளித் தள்ளி எழுதி முடித்தார். தம்பியின் பெயரைக் கேட்டு இரண்டாவதையும் எழுதினார். பிறகு, பழக்கதோஷத்தில், கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"விலாசம்?"



"அதைத்தான் அண்ணை நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறம்," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

தில்லைநாதன் பேனாவை மூடினார். அவருடைய கையிலிருந்த உறைகளை இராசமலர் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"விலாசம் கிடைச்சா நாங்களே கொண்டுபோய்க் குடுப்பம். நீங்கள் எழும்பித் தேங்காய் திருவ வாங்கோ."