கருவண்டு விற்ற முத்து

கலைவாணி அந்த ஆளைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவெடுத்தபோது, அந்த ஆள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மடவை மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் போனைப் பத்தி எல்லாம் தெரியுமே. கருவண்டுன்னு ஒருத்தன் கீறான். அவன் யாரு, எந்த ஊருன்னு கண்டுபிடிச்சிக் குடு" என்றாள்.

அவள் கணவன் தினகரனுக்கு முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினான். முள் இறங்கியது. பயம் இறங்கவில்லை.

"இன்னா பண்ணான் அவன்?"

"மொத்தத்தையும் கெடுத்துட்டான். அவன் இருக்கற வரைக்கும் நாங்க யாரும் தலையெடுக்க முடியாது."

தினகரன் பழவேற்காடு கடைத்தெருவில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். கருவண்டு கெடுத்துவிட்டதாகக் கலைவாணி சொன்னது 'முத்துக்கடல்' என்ற கைபேசி விளையாட்டை. அதில் ஆளுக்கு ஒரு படகு கொடுப்பார்கள். மீன் பிடித்துச் சந்தையில் விற்றால் முத்து கிடைக்கும். அந்த உலகத்தில் முத்துதான் பணம். முத்தைச் சேர்த்து வலை, பெரிய படகு, தனித்தீவு என்று வாங்கிக்கொண்டே போகலாம். ஏரியைப் பாடு பாடாகப் பிரித்து, முறை வைத்து, நாளெல்லாம் வலை வீசிவிட்டு வந்த ஆண்கள்கூட, கரையேறியதும் கைபேசியை எடுத்து மறுபடி வலை வீசினார்கள்.

கலைவாணி கைபேசியைப் புளி ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சமைப்பாள். அவளும், பக்கத்து வீட்டு ரோஸ்மேரியும், பசியாவரம், சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண்கள் சிலருமாகச் சேர்ந்து விளையாட்டுக்குள் 'கடல் ராணிகள்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பாவம், பொழுதுபோக்கு என்று அவளுக்கு இது ஒன்றுதானே இருக்கிறது என்று தினகரன் நினைத்திருந்தான்.

அந்த ஒன்றைக் கெடுத்தவனும் அவன்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் பட்டறை ஈயோட்டியபோது, முத்துக்கு ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவந்தது. பேட்டரி செத்த பழைய கைபேசிகள் சிலவற்றை வாங்கி, தானாகவே மீன் பிடிக்கும் செயலியைப் போட்டு, சார்ஜரில் செருகிப் பட்டறை அலமாரியில் வரிசையாக நிறுத்தினான். அவை சோறு கேட்கவில்லை, தூங்கவில்லை, மீன் பிடித்துக்கொண்டே இருந்தன. வந்த முத்தைக் கருவண்டு என்ற கணக்கில் சேர்த்து, சென்னையில் ஒரு தரகர் மூலமாக ரூபாய்க்கு விற்றான். வீட்டில் மோட்டார் வேலை ஜோராக நடக்கிறது என்று சொல்லிவைத்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. போகப்போக விளையாட்டுக்குள் முத்து வெள்ளமாகப் பெருகியது. எல்லார் கையிலும் முத்து இருந்ததால் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. ஐந்து முத்துக்கு விற்ற வலை ஐம்பதுக்குப் போனது. நேர்மையாக நாள் முழுக்க மீன் பிடித்தவனால் ஒரு தூண்டில் முள்கூட வாங்க முடியவில்லை. அதனால் அவனும் ரூபாய் கொடுத்து முத்து வாங்கினான். முத்து மலிந்து கிடந்ததால் ஒரு ரூபாய்க்கு முன்பைவிட அதிக முத்து அள்ளிக் கொடுக்கவேண்டியிருந்தது. தினகரன் அதையும் கொடுத்தான். ஈடுகட்ட இன்னும் இரண்டு கைபேசிகள் வாங்கி நிறுத்தினான்.

இதெல்லாம் தன் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்து நிற்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

இரண்டு நாள் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, கருவண்டு ஏதோ வெளிநாட்டுக்காரன், அவனைப் பிடிக்க முடியாது என்று கலைவாணியிடம் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் காபியோடு வந்து நின்றாள்.

"நேத்து நம்ம ஊர்ல கரண்டு போச்சில்ல? அப்பலருந்து கருவண்டு ஆளைக் காணோம். கரண்டு வந்தப்புறம்தான் வந்தான். பழவேற்காட்டுல கரண்டு போனா வெளிநாட்டுல எப்படிய்யா மீன் புடிக்கறது நிக்கும்?"

தினகரன் காபியை ஊதி ஊதிக் குடித்தான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

இந்தக் கோபத்தைத் தணிக்க ஒரே வழி, அவள் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டறையில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து கலைவாணிக்கு ஒரு மூட்டை முத்தை அன்பளிப்பாக அனுப்பினான். தனித்தீவு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள் என்று நம்பினான்.

வீட்டுக்கு வந்தால் அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துப் பெண்கள் அவளைச் சந்தேகப்படுகிறார்களாம். யாருக்கும் வராத முத்து இவளுக்கு மட்டும் எப்படி வந்தது, இவளுக்கும் கருவண்டுக்கும் ஏதோ உள்தொடர்பு இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களாம். ரோஸ்மேரிகூட அன்றைக்குக் கறிவேப்பிலை கேட்டு வரவில்லை.

உள்தொடர்பு என்ற சொல்லைக் கேட்டதும் தினகரனுக்கு வியர்த்தது. அவளுக்கும் கருவண்டுக்கும் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

ஒருத்திக்கு வந்தால்தானே சந்தேகம், எல்லோருக்கும் வந்தால்? மறுநாள் கடல் ராணிகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு மூட்டை அனுப்பிவைத்தான். கைபேசிகள் பிடித்து வைத்திருந்ததை எல்லாம் வழித்துக் கொட்டினான்.

அன்று மாலைக்குள் சந்தை தாறுமாறாகிவிட்டது. ஒரு வாளி நண்டுக்கு ஒரு கப்பலின் விலை கேட்டார்கள். வலை விற்றவர்கள் முத்தே வேண்டாம், மீனுக்கு மீன் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டை நடத்தும் கம்பெனி விழித்துக்கொண்டது. அளவுக்கு மீறி முத்து வாங்கிய குற்றத்துக்காகக் கடல் ராணிகள் அத்தனை பேரின் கணக்கையும் முடக்கிவிட்டது.

கலைவாணி இரண்டு வேளை சாப்பிடவில்லை. ரோஸ்மேரி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். பசியாவரத்திலிருந்து இரண்டு பெண்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்துவிட்டுப் போனார்கள். ஒரு விளையாட்டுக்காக இப்படியா என்று தினகரனுக்கு வாய்வரை வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான். பட்டறைக்குப் போய், அலமாரியில் இருந்த கைபேசிகளை ஒவ்வொன்றாக அணைக்கப் போனான்.

அவன் அணைக்கவேண்டிய வேலையே இருக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே செய்தி நின்றது. கருவண்டின் கணக்கும், அதோடு சேர்ந்த கணக்குகளும் நிரந்தரமாக நீக்கப்பட்டுவிட்டன. முத்து அத்தனையும் பறிமுதல்.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நஷ்டம்தான். ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மோட்டாரைக் கழற்றி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சுத்தம் செய்தான்.

அந்த வார முடிவில் கம்பெனி கடல் ராணிகளின் கணக்கை விடுவித்தது. அன்பளிப்பாக வந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அவர்கள் மேல் தவறு இல்லை என்று மன்னிப்பும் கேட்டிருந்தது. வெள்ளம் வடிந்து, வலை விலை மறுபடி ஐந்து முத்துக்கு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலைவாணி நண்டு வாங்கி வறுத்தாள். ரோஸ்மேரி மாதா கோயிலிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். கலைவாணி நல்ல சதையுள்ள காலாகப் பார்த்து உடைத்துத் தினகரனின் தட்டில் வைத்தாள்.

"நீயும் அந்தக் கருவண்டைத் தேடி எவ்ளோ அலைஞ்ச. சாப்புடு" என்றாள்.

அந்தக் கனிவை அவனால் தாங்க முடியவில்லை. நண்டை அப்படியே வைத்துவிட்டு, அலமாரிக் கைபேசிகளில் தொடங்கி அன்பளிப்பு மூட்டைகள் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

"நான்தான் கருவண்டு. நீங்க ஆசையா ஆடற ஆட்டத்துல போயி முத்தை ரூபாய்க்கு வித்தது தப்புதான். இன்னா வேணா சொல்லு, கேட்டுக்கறேன்."

கலைவாணி கோபப்படவில்லை. கையில் இருந்த நண்டுக்காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ரோஸ்மேரியைப் பார்த்தாள். ரோஸ்மேரி கலைவாணியைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வித்தது தப்பு இல்லண்ணா; நாங்க எல்லாரும் பாடு பிரிச்சி, ஆளுக்கு ஒரு நாள்னு முறை வெச்சி, ஒரே ரேட்டுக்கு வித்துனு இருந்தோம், நீ பாட்டுக்கு வந்து பாதி ரேட்டுக்கு எறக்கிட்ட பாரு, அதான் தப்பு."