நகாசி மோகினி பூட்டொடு பொருத காதை

வாழ்க மோகினி! தென்கடல் தீவுநாட்டில் ரேவா நதி வளம் சுரக்கும் நகாசியில் தகரக்கூரைத் திருமனை ஆளும் தலைவியும், ஐம்பத்து நான்கு ஆண்டு அகவையளும், ஆட்சிக் கவிழ்ப்பு நான்கு கண்டும் கலங்காது, தன் வாசற்பூட்டு ஒன்று கண்டு நாள்தோறும் கலங்கியவளுமாகிய அவ்வீராங்கனையைப் பாடப் புகுகின்றோம். படைநடத்தி அரசு பறித்தோரைப் பாட இந்நாட்டில் வானொலி உண்டு. மோகினியைப் பாட நாமே உள்ளோம்.

அவள் பகைவன் ஊர்ப்பேச்சில் தாலா எனப் பெயர்பெற்ற பித்தளை மேனியன், உள்ளங்கை அளவினன், இரும்புக் கம்பிக் கதவில் தொங்கி வாய் திறவாது இருப்பவன். அவனைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், நாலடி நடப்பாள். அதற்குள், பூட்டினேனா என்னும் ஐயம் வேல்தாங்கிய சேனைபோல் பின்வந்து வளைக்கும், திரும்புவாள். எண்பத்தேழின் இரட்டைக் கவிழ்ப்பில் இப்படி மூன்று முறை, இரண்டாயிரத்தில் ஆறு, இரண்டாயிரத்து ஆறின் கவிழ்ப்புக்குப் பின் ஒன்பது. கலகக் காலத்தில் கடைகள் சூறையாடப்பட்டதைக் கண்ட அண்டை வீட்டார் அவள் நோயைக் காவற்றிறம் என மெச்சி, வெளியூர் போகையில் தம் வீட்டுச் சாவியையும் அவளிடமே தந்து சென்றனர். நாட்டின் பெருங்கதவை அவ்வாறு ஒருமுறையேனும் இழுத்துப் பார்த்தவர் உளர் எனச் செய்தியில்லை.

அந்த ஆண்டிறுதியில், தீவின் வடகரையில் கரும்பாலை ஊராகிய பினாங்கில் அவள் தந்தை வீரசாமி காலமானார். காலைப் பேருந்து வந்து நின்றபோது மோகினி பூட்டருகே நின்றாள். பேருந்து போயிற்று. அடுத்ததில் சென்று சேர்ந்தபோது சிதை எரிந்து தணிந்திருந்தது. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை; ஆகவே உறவினர் மட்டும் நகைத்தனர்.

அதன்பின்னரே அவள் கணவன் தர்மேந்திரா, பொறுமையில் மலையனையான், அவளைச் சுவாவில் மருத்துவர் ஆயிஷாவிடம் அழைத்துச் சென்றான். நோயைக் கவிழ்ப்புகள் தரவில்லை, பள்ளிக்காலத்தில் புத்தகப்பைக் கொக்கியைத் திரும்பத் திரும்பத் தொட்டபோதே அது இருந்தது, கவிழ்ப்புகள் அதற்குச் சீருடை மட்டுமே அணிவித்தன என்றார் அவர். அதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய். திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நீ அதற்குச் சோறிடுகிறாய் என்றார். மாத்திரை தந்தார். அதனினும் கடிய பயிற்சி ஒன்றும் தந்தார்: ஒருமுறை பூட்டு, பின் நட, அச்சம் ஏறும், நிற்கும், தானே இறங்கும். கடல்கடந்த நகரங்களில் காந்தத்தால் மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டியும், எதற்கும் மசியாத கொடுநோய்க்கு மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தியும் ஆய்ந்து வருகின்றனர் என்றும் உரைத்தார். நம் தலைவி அறிந்த காந்தமோ குளிர்பெட்டிக் கதவில் இருந்தது.

கணவனுக்கும் ஆணை பிறந்தது. பூட்டியாகிவிட்டது என இருபது ஆண்டாக அன்றாடம் அருளிவந்த வாக்கை அவன் இனி அருளலாகாது. கேட்டால், தெரியாது எனல் வேண்டும்.

நான்காம் சந்திப்பு முடிந்தது. மருத்துவரும் புலம்பெயர்ந்து பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் போயினர், தாதியர் போயினர், அச்சத்தைப் போக்க வந்தவரும் போயினார்! எனினும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பயிற்சி தொடர்ந்தது.

அவ்வேளை தீவின் மேற்குக் கரைச் சவேனியில் கரும்பு விளைவித்த தங்கை சுஷீலாவும், நிலக் குத்தகை புதுப்பிக்கப்படாததால், குடும்பத்தோடு ஆக்லாந்து செல்ல நாள் குறித்தாள். மறுநாள் விமானம் என்னும் நிலையில், காலை ஏழு மணிப் பேருந்தே மோகினிக்குக் கதி. தந்தையைத் தவறவிட்டவள் தங்கையையும் தவறவிடுவாளோ?

எழுந்தது போர்! கொண்டை முடித்து, கைப்பை தாங்கி, களம்புகு வேழமென வாசலில் நின்ற மோகினி, பூட்டை ஒருமுறை அழுத்தினாள். அது 'டக்' என்றது. இழுக்க எழுந்த வலக்கையை இடக்கையால் பற்றி, தன்னைத் தானே சிறைப்படுத்திய தளபதிபோல் தெருவில் இறங்கினாள். பத்தாம் அடியில் நெஞ்சு முரசறைந்தது. முப்பதாம் அடியில் உள்ளங்கை நனைந்தது. கால்கள் புறமுதுகிட முயன்றன. பேருந்து நின்றது. ஏறினாள்; பின்வந்த தர்மேந்திராவும் ஏறி அருகமர்ந்தான்.

நௌசோரிப் பாலத்தில் அச்சம் ஆற்றுப்பெருக்காய்க் கழுத்தளவு ஏறிற்று.

"ஏங்க, தாலா போட்டேனா? ஒரு தடவ சொல்லுங்க, அப்பறம் கேக்கமாட்டேன்."

உலகு ஒருகணம் மூச்சடக்கியது. தர்மேந்திரா சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"தெரியாது, மோகினி. போட்டிருப்ப, போடாமலும் இருப்ப."

"இத்தன வருசமா சொன்னீங்களே."

"அதான் நான் செஞ்ச தப்பு."

அவள் அழுதாள். இறங்கவில்லை. கொரொவோவில் அழுகை நின்றது. அதற்கப்பால், மருத்துவர் சொன்னவாறே, அச்சம் யாரும் விரட்டாமல் படிப்படியாக வடிந்தது. பினாங்கு ஆலையின் புகைபோக்கி கடந்துபோகையில், தந்தையை நினைத்துக் கைகூப்பினாள். லௌடோக்காவில் வேறு பேருந்து மாறி, மாலையில் சவேனி சேர்ந்தாள்.

பெட்டிகள் நிறைந்த கூடத்தில் தங்கை ஓடிவந்து தழுவ, ஐயச்சேனை சிதற, வெற்றித்திரு வீற்றிருக்க, நான்கு அரசு வீழ்ந்த நாட்டில் தன்னரசு மீட்ட தலைவி இலைமுன் அமர்ந்தாள்.

மீன்குழம்பில் உப்பு கொஞ்சம் கூடியிருந்தது.